கடல் உள்ள போனதும் ஆச்சி ஓடுனதும்

கேள்வி: மேடம், நாங்க தூத்துக்குடி மாவட்டத்துல கடலோர ஊர்ல இருக்கோம். பையனுக்கு அஞ்சு வயசு, பொண்ணுக்கு ஒம்பது. போன பௌர்ணமி அன்னைக்கு காலைல பிள்ளைகளோட கடற்கரைக்கு போனோம், தண்ணி ரொம்ப தூரம் உள்ள போயிருந்துச்சு, பாசி புடிச்ச பாறை எல்லாம் வெளிய தெரிஞ்சுச்சு, ஜனங்க அது மேல ஏறி செல்ஃபி எடுத்துட்டு இருந்தாங்க. கூட வந்த என் அத்தை (மாமியார்) அதப் பாத்ததும் சுனாமி சுனாமின்னு கத்திக்கிட்டே சின்னவன தூக்கிட்டு ஓட ஆரம்பிச்சுட்டாங்க. அவங்க பொறந்த ஊர் குளச்சல் பக்கம், 2004ல கூடப்பொறந்த தம்பிய கடலுக்கு குடுத்தவங்க. அன்னைக்கு ஒண்ணும் ஆகல, சாயங்காலம் கடல் பழையபடி வந்துருச்சு. ஆனா பையன் அன்னைல இருந்து ஆளே மாறிட்டான். ராத்திரி மூணு தடவ எந்திரிச்சு கடல் இருக்காம்மான்னு கேக்குறான், படுக்கைல ஒண்ணுக்கு போறான், ஸ்கூல் பைக்குள்ள செருப்பையும் தண்ணி பாட்டிலையும் போட்டு வாசல்கிட்ட வச்சுட்டுத்தான் தூங்குறான். இப்படி ரெண்டு வாரமா நடக்குது. இவர் ஒண்ணும் இல்லடா, சும்மா போச்சுடான்னு சொல்றாரு. பெரியவ யூடியூப்ல பாத்துட்டு வந்து இன்னும் பயம் காட்டுறா. கடல் ஏன் உள்வாங்குதுன்னு அஞ்சு வயசு பிள்ளைக்கு எப்படி புரிய வைக்கிறது? மறுபடி அவன கடற்கரைக்கு எப்ப கூட்டிட்டு போகலாம்?

பதில்: வணக்கம்மா. உங்க லெட்டர்ல அந்த ஸ்கூல் பை வர்ற இடத்த மட்டும் ரெண்டு தடவ படிச்சேன். அஞ்சு வயசு பிள்ள தானா யோசிச்சு செருப்ப எடுத்து வைக்கிறான்னா சும்மா வைக்க மாட்டான். அன்னைக்கு ஆச்சி அள்ளித் தூக்கிட்டு ஓடுனப்போ அவன் செருப்பு மணல்லயே கெடந்துச்சான்னு மெதுவா கேட்டுப் பாருங்க, எனக்கு அப்படித்தான் தோணுது. இந்த வயசுல பயத்த வாயால சொல்லத் தெரியாது, இப்படி ஏதாவது செஞ்சுதான் காட்டுவாங்க. அதனால அந்தப் பைய எடுத்து ஒளிச்சு வைக்காதீங்க, கேலி பண்ணாதீங்க, பாட்டில்ல தண்ணி கம்மியா இருந்தா நீங்களே ரொப்பி குடுங்க.

கடல் ஏன் உள்வாங்குதுன்னு எப்படி சொல்றதுன்னு கேட்டிருக்கீங்க, அதுக்கு வரேன், ஆனா அதுக்கு முன்னாடி ஒண்ணு இருக்கு. தண்ணி உள்ள போனத பாத்தப்போ சின்னவன் அநேகமா சந்தோஷமாத்தான் இருந்துருப்பான். புதுசா பாறை, நண்டு, சிப்பி, சுத்தி ஆளுங்க சிரிச்சு போட்டோ எடுக்குறாங்க, இதுல பயப்பட என்ன இருக்கு? அவன் பயந்தது ஆச்சி மூஞ்சிய பாத்துதாம்மா. தினமும் சோறூட்டி தூங்க வைக்கிற ஆளு, எதுக்கும் அசராத ஆளுன்னு அவன் நெனச்சுட்டு இருந்த ஆளு, திடீர்னு அலறுறாங்க, மூச்சு இரைக்குது, அவங்க நெஞ்சு படபடன்னு அடிச்சது இவன் காதுலயே கேட்டிருக்கும். அப்புறம் சாயங்காலம் பாத்தா வீட்ல எல்லாரும் ஒண்ணுமே நடக்காத மாதிரி காப்பி குடிச்சுட்டு உக்காந்திருக்கீங்க. நடுவுல என்ன நடந்துச்சுன்னு அவனுக்கு யாரும் சொல்லல. கடல் ஏன் போச்சுன்னு நீங்க நூறு தடவ விளக்கம் குடுத்தாலும் ஆச்சி ஏன் ஓடுனாங்கன்னு சொல்லாத வரைக்கும் அவன் ராத்திரி எந்திரிச்சு கேட்டுக்கிட்டேதான் இருப்பான், ஏன்னா அவனுக்கு கேக்கத் தெரிஞ்ச கேள்வி கடல் இருக்காங்குறது மட்டும்தான்.

அதனால முதல்ல பேச வேண்டியது உங்க அத்தை. பிள்ளை முன்னாடி அந்தப் பேச்சே எடுக்காதீங்கன்னு அவங்ககிட்ட யாராவது சொல்லியிருப்பீங்க, எல்லா வீட்லயும் அப்படித்தான் சொல்வாங்க, ஆனா அத மாத்திக்கோங்க. பகல் வெளிச்சத்துல, சாப்பிட்டு முடிச்சு தெம்பா இருக்குறப்போ, அவன மடில வச்சுக்கிட்டு ஆச்சி ஒரு நாலு வரி சொன்னா போதும். "எனக்கு ஒரு தம்பி இருந்தான்டா. நீ பொறக்குறதுக்கு ரொம்ப வருஷம் முன்னாடி ஒரு நாள் கடல் ரொம்ப பெருசா வந்துச்சு, அதுல அவன் செத்துப் போயிட்டான். அன்னைக்கு தண்ணி உள்ள போனத பாத்ததும் ஆச்சிக்கு அந்த ஞாபகம் வந்துருச்சு, பயந்துட்டேன், உன்ன பத்திரமா வைக்கணும்னு தூக்கிட்டு ஓடுனேன். ஆனா அது அந்த மாதிரி கடல் இல்லன்னு அப்புறமா தெரிஞ்சுக்கிட்டேன்." இவ்வளவுதான். செத்துப் போயிட்டான்னே சொல்லலாம், தப்பில்ல. கடல் கூட்டிட்டு போயிருச்சு, சாமிகிட்ட போயிட்டான்னு நாம மென்மையா சொல்றதா நெனச்சு சொல்றது பிள்ளை காதுல வேற மாதிரி விழும், ஆள கூட்டிட்டு போற கடல் ஒரு ராத்திரி நம்ம வீட்டு வாசலுக்கும் வரலாமேன்னு யோசிப்பான். சொல்றப்போ ஆச்சிக்கு அழுகை வந்தா வரட்டும், அழுதுட்டு கண்ண தொடச்சுட்டு இவனுக்கு முறுக்கு எடுத்து குடுக்குறாங்கன்னு பாத்தாலே பாதி பயம் போயிரும். அவங்களால முடியலன்னா கட்டாயப்படுத்தாதீங்க, அவங்கள பக்கத்துல வச்சுக்கிட்டு நீங்க சொல்லுங்க. இத்தன வருஷமா அந்தம்மா அத உள்ளயே வச்சுட்டு இருந்திருக்காங்க பாருங்க, அவங்க ஓடுனதுல ஒரு தப்பும் இல்லைங்குறத நீங்களும் வீட்டுக்காரரும் அவங்க முகத்துக்கு நேரா ஒரு தடவ சொல்லிருங்க.

இப்ப கடல். சொல்றதுக்கு முன்னாடி அவன்கிட்டயே கேளுங்க, கடல் ஏன் உள்ள போச்சுன்னு நீ நெனைக்கிறன்னு. இந்தக் கேள்விய கேக்காம யாரும் விளக்கத்த ஆரம்பிக்கக் கூடாதுங்குறது என்னோட பிடிவாதம். சின்ன பிள்ளைங்களுக்கு அசையுற பொருள் எல்லாத்துக்கும் உசுரும் மனசும் உண்டு, நிலா நம்ம கூடவே நடந்து வரும், காத்து கோவிச்சுக்கும். பியாஜேன்னு சுவிட்சர்லாந்துக்காரர் ஒருத்தர் நூறு வருஷம் முன்னாடியே பிள்ளைங்ககிட்ட உக்காந்து பேசிப் பேசி இத எழுதி வச்சிருக்காரு. இதோட இன்னொன்னும் சேரும், எது நடந்தாலும் அது தன்னாலதான் நடந்துச்சோன்னு ஒரு எண்ணம். என்கிட்ட வந்த ஒரு பையன் ரொம்ப நேரம் வாயத் தொறக்கல, கடைசில காதுல வந்து சொன்னான், நான் கடல்ல ஒண்ணுக்கு போயிட்டேன் அதான் கடல் ஓடிப் போச்சுன்னு. சிரிப்புதான், ஆனா பாவம் ஒரு மாசமா அந்தக் குத்தத்த சுமந்துட்டு திரிஞ்சிருக்கான். அதனாலதான் கடல் மாதா கோவிச்சுக்கிட்டா, நீ சேட்டை பண்ணா கடல் வந்துரும், சாப்பிடலன்னா கடல்கிட்ட புடிச்சு குடுத்துருவேன், இந்த மாதிரி பேச்செல்லாம் வீட்ல யார் வாயில இருந்தும் வரக்கூடாது. கும்புடுறது கும்புட்டுக்கோங்க, கோவத்த மட்டும் கடல் தலைல கட்டாதீங்க.

அஞ்சு வயசுக்கு நிலாவோட ஈர்ப்பு விசை எல்லாம் வேண்டாம். அகலமான தாம்பாளத்துல ரெண்டு டம்ளர் தண்ணி ஊத்தி, ஒரு பக்கம் கொஞ்சம் மணலும் கல்லும் கரை மாதிரி குவிச்சு, தட்ட மெதுவா சாய்ங்க. இந்தப் பக்கம் கல்லு வெளிய தெரியும், தண்ணி அந்தப் பக்கம் போயிருக்கும். தண்ணி காணாம போச்சாடா? இல்ல, அங்க இருக்கு. திரும்ப சாய்ச்சா வந்துரும். அவனையே சாய்க்க விடுங்க, வீடெல்லாம் தண்ணியாகும், ஆகட்டும். கடல் தினமும் இப்படித்தான் ரெண்டு தடவ ஏறும், ரெண்டு தடவ வத்தும், பௌர்ணமி அமாவாசைக்கு கொஞ்சம் கூடுதலா ஏறி கூடுதலா வத்தும், அவ்வளவு சொன்னா போதும். உங்க பக்கம் கரையோரத்துல ஆழம் கம்மி, மன்னார் வளைகுடால பௌர்ணமி அன்னைக்கே ஒரு மீட்டர் ஏறி இறங்குனா அது பெருசு, ஆனா தரை சப்பையா கெடக்குறதால கொஞ்சம் தண்ணி எறங்குனாலே ரொம்ப தூரம் போன மாதிரி தெரியும், அன்னைக்கு மேகாத்தும் (மேற்குல இருந்து வர்ற காத்து) சேந்து அடிச்சுட்டா இன்னும் தள்ளி நிக்கும். இது உங்களுக்காக சொல்றேன், திருச்செந்தூர்ல கடல் உள்வாங்கியது பக்தர்கள் அச்சம்னு நியூஸ் வர்றப்போ எல்லாம் காலண்டர எடுத்து பாருங்க, பெரும்பாலும் பௌர்ணமியோ அமாவாசையோ பக்கத்துல இருக்கும். குஜராத்துல பவநகர் பக்கம் 10 மீட்டர் வரைக்கும் ஏறி இறங்கும், அங்க கோலியாக்னு ஒரு ஊர்ல கடலுக்குள்ள சிவன் கோயில் இருக்கு, தினமும் தண்ணி வத்துற நேரம் பாத்து ஜனங்க கடல் தரைலயே நடந்து போய் கும்புட்டுட்டு தண்ணி ஏறுறதுக்குள்ள திரும்பிருவாங்க. இந்தக் கோயில் போட்டோவ சின்னவனுக்கு காட்டுங்க, ரொம்ப புடிக்கும்.

வீட்டுக்காரர் சொல்ற "ஒண்ணும் இல்லடா" விஷயத்துல எனக்கு கொஞ்சம் வருத்தம் உண்டு. அவர் அன்பாத்தான் சொல்றாரு, ஆனா கடல் உள்ள போனா ஒண்ணும் இல்லன்னு ஒரு கடலோர பிள்ளைக்கு சொல்லிக் குடுக்கக் கூடாது. 2004ல எத்தனையோ ஊர்ல தண்ணி திடீர்னு வத்துனத வேடிக்கை பாக்க உள்ள போனவங்கதான் திரும்பி வரல. உங்க ஊருக்கு முன்னாடி இலங்கை மறைச்சு நின்னதால தூத்துக்குடிக்கு அன்னைக்கு அடி கம்மி, அதனால உங்க ஊர்க்காரங்களுக்கு அந்தப் பயம் ஒரு நியூஸ் மாதிரிதான், ஆனா அதே அலை இலங்கைய சுத்தி வளைஞ்சு வந்து குளச்சல அடிச்சுச்சு, அத்தைக்கு அது நியூஸ் இல்ல. அதனால ரெண்டு பேரும் சொல்றது பாதி பாதி சரி. சின்னவனுக்கு ரெண்டையும் சேத்து ஒரே ஒரு வித்தியாசமா சொல்லுங்க, மெதுவா போற கடல் தினசரி கடல், அது வத்தி முடிக்கவே ஆறு மணி நேரம் ஆகும், நாம வெளையாடிட்டு இருக்குறப்போ கண்ணுக்கே தெரியாது. சட்டுனு, ஒரு பாட்டு பாடி முடிக்கிறதுக்குள்ள தண்ணி ஓடிருச்சுன்னா, இல்ல கடல் இதுவரைக்கும் கேக்காத மாதிரி எரஞ்சா, இல்ல தரை ஆடுச்சுன்னா, சிப்பி பொறுக்கப் போகக் கூடாது, பாக்கப் போகக் கூடாது, முதுக காட்டிட்டு மேட்டுக்கு போகணும். எல்லா சுனாமியும் முதல்ல உள்வாங்கிட்டுத்தான் வரும்னு இல்ல, அதனாலதான் மத்த ரெண்டையும் சேத்து சொல்றேன். காத்தே இல்லாத நல்ல வெயில்லயும் எங்கயோ தெற்கு பெருங்கடல்ல கெளம்புன அலை இங்க வந்து தூக்கி அடிக்கும், கள்ளக்கடல்னு சொல்றாங்களே, 2024 மே மாசம் கன்னியாகுமரி மாவட்டத்துல கடல் பாக்க வந்த மருத்துவ மாணவங்க அஞ்சு பேரு அதுல போயிட்டாங்க. அதனால பெரியவங்க நமக்கும் சேத்துத்தான், எச்சரிக்கை வந்த அன்னைக்கு கடல் பக்கம் போகக் கூடாது.

இந்தோனேசியால சிமியுலுவேன்னு ஒரு தீவு, 2004 நிலநடுக்கம் வந்த இடத்துக்கு ரொம்ப பக்கம், அலை வர சில நிமிஷம்தான் ஆச்சு. ஆனா சுமார் 78,000 பேர் இருந்த தீவுல செத்தது ஏழு பேர். காரணம் என்னன்னா 1907ல அங்க ஒரு சுனாமி வந்து ஏகப்பட்ட பேர் போனாங்க, தப்பிச்சவங்க அந்தக் கதைய மறைக்காம தாலாட்டாவும் பாட்டாவும் பிள்ளைகளுக்கு பாடிப் பாடியே குடுத்தாங்க, தரை ஆடி கடல் வத்துனா மலைக்கு ஓடுன்னு. அத அவங்க ஸ்மோங்னு சொல்வாங்க. 2004ல யாரோ ஸ்மோங்னு கத்துனதும் ஊரே மேல ஏறிருச்சு. கிட்டத்தட்ட நூறு வருஷத்துக்கு முன்னாடி பயந்த ஏதோ ஒரு ஆச்சியோட பயம்தான் அது. உங்க அத்தைகிட்ட இந்தக் கதைய சொல்லுங்க. பேரனுக்கு ரெண்டு வரில ஒரு பாட்டு கட்டச் சொல்லுங்க, நம்ம ஊர் ஆச்சிமாருக்கு பாட்டு கட்டச் சொல்லித் தரணுமா என்ன.

இன்னொன்னு, சத்தியம் பண்ணாதீங்க. இனிமே கடல் வரவே வராதுன்னு மட்டும் சொல்லிராதீங்க. நான் சொல்லி மாட்டியிருக்கேன். 2005ல நான் அப்பதான் படிச்சு முடிச்ச புதுசு, நாகப்பட்டினம் பக்கம் ஒரு தற்காலிக குடியிருப்புல பிள்ளைகளோட வேலை. ஏழு வயசு பொண்ணு ஒண்ணு தினமும் கேக்கும், அக்கா திரும்ப வருமா அக்கா திரும்ப வருமான்னு, ஒரு நாள் தாங்க முடியாம வராதுடா அக்கா சொல்றேன்ல வராதுன்னு கைல அடிச்சு சத்தியம் பண்ணிட்டேன். ஒரு வாரம் இருக்கும், மார்ச் 28 ராத்திரி சுமத்ரா பக்கம் மறுபடி 8.6 அளவுல நிலநடுக்கம், கடலோரம் பூரா எச்சரிக்கை, பத்து மணிக்கு மேல ஜனங்க இருட்டுல பிள்ளைகள தூக்கிட்டு ஓடுறாங்க. அலை ஒண்ணும் வரல. மறுநாள் அந்தப் பொண்ணு என் பக்கத்துலயே வரல, நீங்க பொய் சொல்லிட்டீங்கன்னு ஒரு வார்த்த, அவ்வளவுதான். மறுபடி என்கிட்ட பேச ரொம்ப நாள் ஆச்சு.

அதுக்கு பதிலா உண்மைலயே நம்மகிட்ட இருக்குறத சொல்லலாமே. வந்தா என்ன செய்யணும்னு நமக்குத் தெரியும், அதப் பாத்துக்கிட்டே இருக்குறதுக்கு ஆளுங்க இருக்காங்க. 2004ல காலைல ஆறரை மணிக்கு சுமத்ரால நிலநடுக்கம், நம்ம கரைய அலை தொட்டது 9 மணி வாக்குல, நடுவுல ரெண்டரை மணி நேரம் இருந்துச்சும்மா, சொல்றதுக்குத்தான் ஆள் இல்ல. இப்ப ஹைதராபாத்துல இன்காய்ஸ்னு ஒரு மத்திய அரசு நிறுவனத்துல 2007ல இருந்து சுனாமி எச்சரிக்கை மையம் ராப்பகலா நடக்குது, கடலுக்கு அடில தண்ணியோட அழுத்தத்த அளக்குற கருவி எல்லாம் போட்டு வச்சிருக்காங்க. "நாம தூங்குறப்போ கடல பாக்குறதுக்கு மாமாவும் அத்தையும் ராத்திரி முழுக்க முழிச்சுட்டு இருக்காங்கடா"ன்னு சொல்லுங்க. ராத்திரி எந்திரிச்சு கேக்குறானே அதுக்கு இதவிட நல்ல பதில் எனக்குத் தெரியல, பொய்யும் கிடையாது.

பெரியவள திட்டாதீங்க. அவளும் பயந்துதான் போயிருக்கா, பயந்தவங்கதான் தேடித் தேடி பாப்பாங்க. அந்த வீடியோ தலைப்பெல்லாம் பாத்தீங்கன்னா மீண்டும் சுனாமியா, அழியப் போகிறதா தமிழகம்னு செவப்பு கலர்ல எழுதி கேள்விக்குறி போட்டிருப்பான், நமக்கே திக்குனு இருக்கும். அவளுக்கு ஒரு வேலை குடுங்க. ஒம்பது வயசுக்கு நிலா கடல் தண்ணிய இழுக்குற கதைய தாராளமா சொல்லலாம், கடல் இப்படி ஏறி வத்துறது பாடத்துல ஓதம்னு பின்னாடி வரத்தான் போகுது. அப்பா கூட போய் தண்ணி எது வரைக்கும் வந்திருக்குன்னு ஏதாவது ஒரு கல்ல அடையாளம் வச்சு பாக்கட்டும், வீட்டு தினசரி காலண்டர்ல குறிக்கட்டும். நேத்து வத்துன நேரத்தவிட இன்னைக்கு சுமார் அம்பது நிமிஷம் தள்ளி வத்தும், அத அவளே கண்டுபுடிச்சுட்டு வந்து நின்னான்னா தம்பிக்கு பயம் காட்ட மாட்டா, பாடம் எடுக்க ஆரம்பிச்சுருவா. அதுவும் தொல்லைதான், ஆனா வேற தொல்ல.

சின்னவன் வெளையாட்ட கவனிச்சுப் பாருங்க. பக்கெட் தண்ணிய கவுத்து பொம்மை எல்லாத்தையும் மூழ்கடிக்கிறது, ஓடு ஓடுன்னு கத்துறது, இதெல்லாம் வந்தா பதறாதீங்க, தடுக்காதீங்க, மனசுல இருக்குறத அவன் கைல எடுத்துப் பாக்குறான். ஒரே வெளையாட்டு அதே முடிவோட திரும்பத் திரும்ப நடந்து, முடிக்கிறப்போ முகம் தெளியாம இறுகியே இருந்துச்சுன்னா பக்கத்துல போய் உக்காந்து, இந்த பொம்மைக்கு ஒரு மாடிப்படி கட்டலாமான்னு கேளுங்க. படுக்கைல போறதுக்கு அடிக்கவோ எல்லார் முன்னாடியும் சொல்லிக் காட்டவோ வேண்டாம், ஒரு ரப்பர் ஷீட் விரிச்சுட்டு பேசாம இருங்க. பெரும்பாலும் சில வாரத்துல தானா குறையும். ஒரு மாசம் தாண்டியும் தூக்கம் வரல, சாப்பாடு இறங்கல, ஸ்கூலுக்கு போக மாட்டேங்குறான், உங்கள விட்டு நகரவே மாட்டேங்குறான்னா மாவட்ட தலைமை மருத்துவமனைல மனநலப் பிரிவு இருக்கு, அங்க காட்டுங்க. 14416க்கு போன் பண்ணா அரசோட டெலி மானஸ், தமிழ்லயே பேசுவாங்க, காசு கிடையாது. உண்மையச் சொன்னா அந்த நம்பர நான் அத்தைக்காகத்தான் முதல்ல எழுத நெனச்சேன், கடல பாத்ததும் அப்படி ஓடுறவங்க இருபது வருஷமா எத்தன ராத்திரி சரியா தூங்காம இருந்திருப்பாங்களோ.

எப்ப கடற்கரைக்கு கூட்டிட்டு போகலாம்னு கேட்டீங்க. தேதி அவன் சொல்லட்டும். முதல்ல தூரத்துல இருந்து, மொட்டை மாடில இருந்தோ பஸ்ஸுல போறப்போவோ, அதோ கடல் இருக்கு பாருன்னு. அப்புறம் ஒரு நாள் ரோட்டுல நின்னு, அப்புறம் மணல் ஆரம்பிக்கிற இடம் வரைக்கும், அவன் எங்க நிக்கிறானோ அங்க நீங்களும் நில்லுங்க, கைய புடிச்சு இழுக்காதீங்க, பாரு ஒண்ணுமில்ல பாருன்னு தண்ணிக்குள்ள தூக்கிட்டு போற வேலை மட்டும் வீட்டுக்காரர் பண்ணிறாம பாத்துக்கோங்க. போற வழில எந்தப் பக்கம் மேடு, எந்தக் கட்டடம் ஒசரம்னு அவனையே காட்டச் சொல்லுங்க. ஆச்சியும் வரேன்னு சொன்னா கூட்டிட்டு போங்க, வரலன்னா விட்டுருங்க. பைய தூக்கிட்டுத்தான் வருவேன்னு சொன்னா தூக்கிட்டு வரட்டும், செருப்ப மட்டும் பைக்குள்ள இருந்து எடுத்து கால்ல போட்டுக்கடான்னு சொல்லுங்க.